கூறு கட்டிய மலை

இணையதளம் நடத்திப் பணம் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் முதல் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெரிய பொருளை எடுத்துக்கொள், ஆனால் அதன் பெயரிலேயே தளம் போடாதே. ‘சுற்றுலா’ என்று தொடங்கினால் பெரிய நிறுவனங்களோடு மோத வேண்டியிருக்கும். சுற்றுலாவை மலைகளாகப் பிரி. ஒரு மலையைத் தங்குமிடம், அருவி, நடைபயணம், தேன், சிறுதானியம் என்று பிரி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வாங்கு, தனித் தளம் போடு. பிறகு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துவிடு. நடுவில் ஒரு பெரும்பொருள், சுற்றிலும் சின்னச் சின்னத் தளங்கள். சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைக்கிற அதே கணக்கு. மொத்தமாகக் குவித்து வைத்தால் நின்று பார்க்க ஆளில்லை, கூறு கட்டினால் போகிறவர் வருகிறவர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்.

இதைப் பிழைப்புக்கான மந்திரம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. தேடுபொறியை ஏமாற்றும் தந்திரம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் அவசரப்படுகின்றன. பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட, ஒரு மலையை வைத்து இதைச் சோதிப்பது நல்லது. ஊட்டியும் ஏலகிரியும் இணையத்தில் ஏற்கெனவே தேய்ந்துபோன பெயர்கள். ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்ளலாம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் படர்ந்து கிடக்கிறது. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், சாமைக் கொல்லைகள், புளி, பலா, தேன், பீமன் அருவி, காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம், ஜமுனாமரத்தூரில் கோடை விழா என்று எல்லாம் இருக்கிறது. அடிவாரத்தில் செங்கம், அதைச் சுற்றிய பகுதியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் பதிவுசெய்த நடுகற்கள். சங்க காலத்து நன்னன் ஆண்ட செங்கண்மாவும், அவனைப் பாடிய மலைபடுகடாமும் இந்த வட்டாரத்துக்கு உரியவையே. கூறு கட்ட இதைவிடத் தோதான மலை கிடைப்பது கடினம்.

முதலில் இந்த முறைக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். 2004இல் கிறிஸ் ஆண்டர்சன் வயர்டு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கடைக்கு அலமாரி அளவு என்று ஒன்று உண்டு, அதனால் அதிகம் விற்கும் சரக்கை மட்டும்தான் அது வைக்கும். இணையத்துக்கு அந்த நெருக்கடி இல்லை, ஆகவே சிலர் மட்டுமே கேட்கும் பொருட்கள் எல்லாம் சேர்ந்து பெரிய சந்தையாகிவிடும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் மீது பின்னாளில் விமர்சனங்கள் வந்தன. ஆனால் அதன் மையக் கருத்துக்குத் தமிழில் நல்ல சாட்சிகள் இருக்கின்றன.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்தது: பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, இலவசமாக இணையத்தில் வைத்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகம் முழுவதிலுமிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி அனுப்பினார்கள். அதே காலத்தில் சினிமா, சமையல், ஜோதிடம், செய்தி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தருவதாகச் சொல்லி முளைத்த எத்தனையோ பெரும் தமிழ்த் தளங்களின் பெயர்கள்கூட இன்று நினைவில்லை. மதுரைத் திட்டம் நிற்கிறது. 2004இல் தொடங்கிய வரலாறு டாட் காம் கோயில், கல்வெட்டு, கட்டடக்கலை என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, களத்துக்குப் போய்ப் படித்து எழுதியது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மீதிருந்த ஆர்வத்தால் ஒன்றுசேர்ந்த வாசகர்களிடமிருந்து முளைத்தது அது. நாவல் வாசகர்களை ஆய்வாளர்களாக மாற்றியது, எல்லைக்குள் நின்று வேலை செய்யும் பழக்கம்தான்.

அச்சிலும் நாம் இதைப் பார்த்தவர்கள். விகடன் என்ற ஒரு பெயரைச் சுற்றி ஜூனியர் விகடன், அவள் விகடன், சுட்டி விகடன், சக்தி விகடன், நாணயம் விகடன், பசுமை விகடன் என்று தனித்தனி வாசகர்களுக்குத் தனித்தனி இதழ்கள் வந்தன. 2007இல் வந்த பசுமை விகடன் நல்ல உதாரணம். அது வரும்வரை விவசாயம் என்பது பெரும் இதழ்களில் எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஒரு பக்கம். நம்மாழ்வார் போன்றவர்கள் எழுத, இயற்கை விவசாயிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல, ஒரு வாசகக் கூட்டமே அதைச் சுற்றி உருவானது. அதே குடும்பத்தில் சுட்டி விகடனும் ‘விகடன் தடம்’ என்ற இதழும் நின்றுபோயின. குடும்பப் பெயர் அறிமுகத்தை வாங்கித் தரும். வாசகரை இதழ் தானே சம்பாதித்தாக வேண்டும்.

ஆங்கில உலகில் இதற்குப் பெரிய சாட்சி அபவுட் டாட் காம். 1990களின் இறுதியில் எல்லாப் பொருளையும் பற்றி எழுதிக் கொழித்த தளம் அது. காலப்போக்கில் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும், எதிலும் நம்பிக்கை இல்லாத இடமாக ஆனது. 2016, 2017 ஆண்டுகளில் அதன் நிர்வாகம் அந்தப் பெயரையே கைவிட்டு, உடல்நலத்துக்கு வெரிவெல், வீட்டுப் பராமரிப்புக்கு ஸ்ப்ரூஸ், பணத்துக்கு பேலன்ஸ் என்று தனித் தளங்களாகப் பிரித்தது. நிறுவனத்துக்கு டாட்டேஷ் என்று புதுப் பெயர். 2021இல் மெரிடித் என்ற பெரிய பத்திரிகை நிறுவனத்தை ஏறத்தாழ 270 கோடி டாலருக்கு வாங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. பிரித்ததால் பிழைத்தார்கள் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். பாதிக் கதைதான் அது. பிரிக்கும்போது பழைய கட்டுரைகளில் பெருமளவைத் தூக்கி எறிந்தார்கள். மருத்துவக் கட்டுரைகளை மருத்துவர்களைக் கொண்டு சரிபார்த்தார்கள். பெயரை மாற்றி, உள்ளே இருந்ததை அப்படியே விட்டிருந்தால் ஒரே பழைய சரக்குக்கு ஏழு கடைகள் என்று ஆகியிருக்கும்.

இப்போது ஜவ்வாது மலைக்கு வருவோம்.

இந்த மலையை முதலில் கூறு கட்டியது விளம்பரக்காரர்கள் அல்ல, அரசாங்கம். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஒரே அச்சில்தான் நாட்டின் மாவட்ட இணையதளங்கள் பெரும்பாலும் வார்க்கப்படுகின்றன. ஒரே முகப்பு, ஒரே பட்டியல், மாவட்டத்துக்கு ஒரு தளம். மையப் பொருளும் கிளைத் தளங்களும் என்ற முறையின் அரசு வடிவம் என்றே இதைச் சொல்லலாம். ஒழுங்கு, பாதுகாப்பு, இரு மொழி வசதி எல்லாம் இதனால் கிடைத்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலை மாவட்ட எல்லையை மதிப்பதில்லையே. ஜமுனாமரத்தூரும் பீமன் அருவியும் திருவண்ணாமலை மாவட்டத்தில் வருகின்றன. காவலூரும் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஊராட்சிகளும் திருப்பத்தூருக்கு. பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகியவை அணைக்கட்டு ஒன்றியம் வழியாக வேலூருக்கு. ‘நாடு’ என்று முடியும் ஊராட்சிப் பெயர்கள் மலைமக்களின் பழைய நிலப் பிரிவுகளை நினைவூட்டுபவை. அவர்கள் வகுத்த எல்லை ஒன்று, ஆட்சியர் அலுவலகம் வகுத்த எல்லை வேறொன்று.

2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது காவலூர் திருப்பத்தூருக்குப் போனது. அதற்கு முன் எழுதியதைப் படியெடுத்த பக்கங்களில் இன்னும் அது வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. இது சின்னப் பிழைதான். ஆனால் அந்தப் பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்பதற்கு இதைவிட நல்ல கைரேகை வேண்டியதில்லை.

தனியார் போடும் குறுந்தளங்களின் முதல் நோய் இதுதான். துண்டு சிறிதாக ஆக, அதைப் பற்றிப் புதிதாகச் சொல்வதற்கு எழுதுபவர் அங்கே போயிருக்க வேண்டும். அருவிக்கு என்று தனிப் பக்கம் போடுகிறவர், எந்த மாதத்தில் தண்ணீர் இருக்கும், எங்கே வழுக்கும், கடைசிப் பேருந்து எப்போது என்று சொல்ல வேண்டும். அதற்கு உழைப்பு வேண்டும். அதற்குப் பதில் ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று தொடங்கும் நான்கு பத்தி போதும் என்றால், அந்த நான்கு பத்தியைக் கொல்லிமலைக்கும் கல்வராயனுக்கும் பெயர் மாற்றி ஒட்டிவிடலாம். குறுகிய பொருள் ஆழத்தைக் கட்டாயமாக்கும் என்பதுதான் இந்த முறைக்குச் சொல்லப்படும் பெரிய நியாயம். அது கட்டாயப்படுத்துவதில்லை. ஆழமாகப் போக விரும்புகிறவருக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். விரும்பாதவருக்கு மேலோட்டத்தை மறைக்க நல்ல பெயர்ப்பலகை கொடுக்கிறது.

சாமையைப் பாருங்கள். ஐ.நா. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது சிறுதானியத் தளங்கள் மழைக்காளான்களாக முளைத்தன. நார்ச்சத்து, சர்க்கரை நோய், சாமைப் பொங்கல், சாமை உப்புமா, கீழே வாங்குவதற்கு ஒரு பொத்தான். அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், மலைக்குக் கீழே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது, ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான். மலையில் சாமை மானாவாரிப் பயிர், மழையை நம்பி விதைப்பது. விளைந்ததை உமி நீக்கி அரிசியாக்கினால்தான் நகரத்து விலை. உமியோடு விற்றால் வியாபாரி சொல்வதுதான் விலை. சாமையைப் பற்றித் தனித் தளம் நடத்துகிறவர் எழுத வேண்டிய முதல் விஷயம் அந்த உமி நீக்கும் இயந்திரம். தேடுபொறியில் அதை யார் தேடப்போகிறார்கள்? ஆகவே அது எழுதப்படுவதில்லை. எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதை மலை தீர்மானிக்காமல் தேடல் எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

இரண்டாவது நோய் இன்னும் ஆழமானது. துண்டுகளுக்கு நடுவில் இருப்பது எந்தத் துண்டுக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 தமிழர்களை அம்மாநிலக் காவல் படை சுட்டுக்கொன்றது. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்கள். மரம் வெட்டத் தெரிந்த கைகள், ஒரே பருவம் விளையும் நிலம், மழை பொய்த்தால் வேலையில்லாத மாதங்கள், முன்பணத்தோடு மலையேறி வரும் இடைத்தரகர்கள் என்று அந்தச் சாவுகளுக்குப் பின்னால் பல காரணங்கள் கோத்துக் கிடக்கின்றன. சந்தனமும் இதில் வருகிறது. ஜவ்வாது மலைச் சந்தனம் இறங்கி வந்து சேரும் அரசுக் கிடங்கு திருப்பத்தூரில் இருந்தது. ஊருக்கே சந்தன நகரம் என்று பெயர். சந்தன மரம் வளர்ப்பது எப்படி என்று ஒரு தளம் சொல்லும். சாமையின் சத்தை இன்னொன்று சொல்லும். பீமன் அருவிக்கு வழி மூன்றாவது சொல்லும். மானாவாரிச் சாமைக்கும் மரம் வெட்டப் போன இளைஞருக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல எந்தத் தளத்திலும் இடமில்லை. அது சுற்றுலா அல்ல, சமையல் அல்ல, விவசாயமும் அல்ல. மலையின் வாழ்க்கை என்று பார்த்தால் அதுதான் நடுப்பொருள். நடுப்பொருளைச் சுற்றித்தான் தளங்கள் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்த நடுவையே காலியாக விட்டுவிடுகிறது இந்த முறை.

காவலூரிலும் இதே சிக்கல்தான், கொஞ்சம் மென்மையாக. வானியலாளர் வைணு பாப்பு அங்கே வானாய்வகம் தொடங்கியது 1960களின் இறுதியில். 1972இல் அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாக வியாழனின் துணைக்கோளான கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்பதற்குச் சான்று கிடைத்தது. 1977இல் யுரேனஸின் வளையங்களை உறுதிசெய்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவின் தெற்குக் கோடிக்கு ஓரளவு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும், சுற்றிலும் காடு, இரவு கருப்பாக இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்த இடம் அது. வானியல் தளம் கனிமீடைச் சொல்லும். சுற்றுலாத் தளம் சொகுசு விடுதிகளைச் சொல்லும். தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும், விடுதிக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டையும் தாங்க வேண்டியது ஒரே மலை. இந்தக் கேள்வியைக் கேட்கவே இரண்டும் ஒரே பக்கத்தில் வர வேண்டும்.

மூன்றாவது குறை பணம் சார்ந்தது. இதை நீட்ட வேண்டியதில்லை. இந்தத் தளங்களின் வருமானம் முழுக்கப் பிறர் கையில். கூகுள் தன் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்துக்கொண்டது 2018 பிப்ரவரியில். தமிழ்க் குறுந்தளங்களுக்கு வாசல் திறந்தது அப்போதுதான். அதற்கு முன்பே ஆங்கிலத் தளங்கள் அடி வாங்கியிருந்தன. 2011இல் கூகுள் தேடலில் வந்த பாண்டா என்ற மாற்றம் உள்ளீடற்ற பக்கங்களைத் தள்ளியது. 2012இல் தேடும் சொல்லையே தளத்தின் பெயராக வைத்துக்கொள்வதன் பலன் குறைக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் தன் பரிந்துரைக் கமிஷனை வெட்டியது. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் தேடலில் வந்த மாற்றங்களில் தேடுபொறிக்காகவே எழுதப்பட்ட தளங்களோடு சேர்ந்து, நேர்மையாக உழைத்த சில சிறு தளங்களும் சாய்ந்தன என்று அவற்றை நடத்தியவர்கள் புலம்பினார்கள். 2024இல் தேடலின் உச்சியிலேயே இயந்திரம் எழுதிய பதில் வரத் தொடங்கியது. ‘ஜவ்வாது மலைக்கு எப்படிப் போவது’ என்பதற்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் தளத்துக்குள் யார் வருவார்? பல தளங்கள் வைத்திருந்தால் ஒன்று சாய்ந்தாலும் இன்னொன்று காப்பாற்றும் என்ற ஆறுதலும் இங்கே பொய்யாகிறது. எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை என்றால் ஒரே அடியில் எல்லாம் சாயும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் கொட்டிவிட வேண்டுமா? வேண்டாம். நூலகம் திட்டம் வேறு வழி காட்டியிருக்கிறது. 2005இல் ஈழத்து நூல்களை மின்னாக்கத் தொடங்கிய அது, யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த நினைவைச் சுமந்துகொண்டே வளர்ந்த முயற்சி. மலையகம், முஸ்லிம்கள், பெண்கள் என்று தனித்தனி ஆவணத் தொகுப்புகள் அதில் உண்டு. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் வரலாற்றில் இவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகக் கூடாதவை. தனி அறை கேட்பவை. ஆனால் தனி வீடாகப் பிரிந்துபோகவில்லை. ஒரு தோட்டத் தொழிலாளர் பெண்ணின் எழுத்தைத் தேடுகிறவர் இரண்டு தொகுப்பு வழியாகவும் அதே நூலை அடைய முடிகிறது. விளம்பரத்துக்காகக் கட்டியதல்ல, ஆகவே விளம்பரம் போனால் சாய்வதுமில்லை. நன்கொடையை நம்பியிருக்கிறது என்பது வேறு கவலை. அந்தக் கவலையைச் சிறிதாக நினைக்க முடியாது.

டாட்டேஷ் பிரித்தது, நூலகம் சேர்த்து வைத்தது, இரண்டும் நின்றன. ஆகவே பிரிப்பதா சேர்ப்பதா என்பது தனக்குத்தானே விடை சொல்லாது. உடல்நலம் வாசிக்கிறவருக்கும் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பார்க்கிறவருக்கும் நடுவில் பெரிய உறவில்லை. அங்கே பிரித்தது சரி. ஒரு மலையின் சாமைக்கும் சந்தனத்துக்கும் ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டப் போன இளைஞருக்கும் நடுவில் உறவு இருக்கிறது. இங்கே பிரித்தால் பொருளே சிதைகிறது. மையப்பொருள் வெறும் தலைப்பாக இருக்கும் இடத்தில் இந்த முறை நல்லது. மையப்பொருள் மனிதர்கள் வாழும் இடமாக இருக்கும்போது கெட்டது. இதுதான் என் தீர்ப்பு.

இதில் ஒரு விலக்கு. அந்த மலையின் துண்டுகளில் தனித் தளத்துக்குத் தகுதியானது ஒன்று உண்டு என்றால் நடுகற்கள். ஒவ்வொரு கல்லின் படம், எழுத்து, ஊர், கிடைத்த இடம், இப்போதைய நிலை என்று வரிசைப்படுத்தும் வேலைக்கு ஒருவரின் பல ஆண்டுகள் தேவைப்படும். கூட ஓர் அருவியை வைத்தால் அந்த வேலை கெட்டுவிடும். மதுரைத் திட்டத்தின் பிடிவாதம் அங்கே வேண்டும்.

மற்றபடி ஜவ்வாது மலை பற்றித் தளம் தொடங்க எண்ணியிருப்பவருக்கு ஒரு வேண்டுகோள். மலையில் செல்பேசிக் கோபுரம் எட்டாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் தளத்தை முதலில் படிக்கப்போகிறவர் சென்னைக்காரராகவே இருக்கலாம். இருந்தாலும் மலைக்காரரையும் வாசகராக நினைத்துத் தொடங்குங்கள். ஏழு பெயர்களை வாங்காமல் ஒன்றை வாங்குங்கள். அதன் முதல் பக்கத்தில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கும், ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தைக்கும் போகும் பேருந்துகளின் நேரத்தைச் சேர்த்துப் போடுங்கள். மூன்று மாவட்டத்தின் நேரமும் ஒரே பக்கத்தில்.